பிக்கிள்போல் களம் கேட்கும் கொழும்பு: சிக்கல் மாலை ஆறு மணிக்குப் பிறகுதான்

கொழும்பில் மணித்தியாலக் கணக்கில் கட்டணம் வாங்கும் பிக்கிள்போல் களங்கள் தோன்றத் தொடங்கிவிட்டன. காசு கொடுக்க முடிந்தவர்கள் அங்கே ஆடுகிறார்கள். முடியாதவர்களுக்கு மாநகர சபையே ஒரு பொதுக் களம் அமைத்துத் தரலாமே என்ற கேள்வி அதன் பின்னால் வருவது இயல்புதான். அதே வேளையில், அமெரிக்காவில் இந்தக் களங்களின் சத்தம் தாங்காமல் அயலவர்கள் நீதிமன்றப் படியேறிய செய்திகளையும் வாசிக்கிறோம். ஒரு பிளாஸ்டிக் பந்தைத் தட்டி விளையாடுவதில் வழக்குப் போடும் அளவுக்கு என்ன இருக்கிறது? வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இதற்கு இடம் உண்டா? வரிப்பணத்தில் செய்யத்தக்க வேலைதானா இது?

களம் போடுவது இந்த விவகாரத்தில் மிக எளிய பகுதி. எங்கே, எந்த நேரத்துக்கு, யாருடைய இடத்தில் என்பவைதான் கடினமான கேள்விகள். அவற்றில் பெரும்பாலானவை மாலை ஆறு மணிக்கு ஒன்றுகூடுகின்றன.

## முதலில், விளையாட்டு எது

1965இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்கு அருகிலுள்ள பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிட்சார்ட், பில் பெல், பார்னி மெக்கலம் என்ற மூன்று நண்பர்கள் தொடக்கிவைத்த விளையாட்டு இது. ஒரு பட்மின்டன் களத்தில்தான் முதலில் ஆடினார்கள். அதனால் களத்தின் அளவும் இன்றுவரை பட்மின்டன் இரட்டையர் களத்தின் அளவுதான்: அகலம் 20 அடி, நீளம் 44 அடி.

வலையின் உயரம் ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம். துடுப்பில் நரம்பு கிடையாது. தட்டையான கெட்டிப் பலகை. பந்து துளைகள் கொண்ட கடினப் பிளாஸ்டிக், எடை 22 முதல் 26 கிராம் வரை. வலையின் இரு பக்கமும் 7 அடி ஆழத்துக்கு ஒரு பட்டை உண்டு. ஆட்டக்காரர்கள் அதைக் 'கிச்சன்' என்கிறார்கள். அதற்குள் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. வலையருகே நின்று ஓங்கி அறைபவரை இந்த விதி அடக்கிவைக்கிறது. அதனால் அறுபது வயதுக்காரரும் பதினாறு வயதுப் பேத்தியும் ஒரே களத்தில் நின்று ஆட முடிகிறது. பதினொரு புள்ளி, இரண்டு புள்ளி வித்தியாசம், ஆட்டம் முடிந்தது. பெரும்பாலும் நால்வர் ஆடுவார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கண்ணாடிச் சுவர்களுக்குள், 20 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமும் கொண்ட கூட்டில் ஆடப்படுவது 'பாடெல்' (padel) என்ற வேறு விளையாட்டு. அது மெக்சிக்கோவில் பிறந்தது. அதன் களத்துக்குக் கண்ணாடியும் இரும்புச் சட்டமும் செயற்கைப் புல்லும் தேவை. செலவும் வேறு தரம். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு 'பொதுக் களமா, கோடிக்கணக்கில் போகுமே' என்று பேசுவது வீண்.

## எத்தனை பேர்ச் நிலம்

கோட்டுக்குள் இருக்கும் இடம் மட்டும் போதாது. பந்தைத் துரத்த வெளியிலும் இடம் வேண்டும்.

1. குறைந்தபட்சம் 30 அடிக்கு 60 அடி, அதாவது 1,800 சதுர அடி. நம் கணக்கில் ஆறரைப் பேர்ச்சுக்குச் சற்று மேல்.
2. வசதியான அளவு 34 அடிக்கு 64 அடி. கிட்டத்தட்டச் சரியாக 8 பேர்ச்.
3. ஓர் ஒழுங்கான டெனிஸ் களம், சுற்றிடத்தோடு 60 அடிக்கு 120 அடி. 26 பேர்ச்சுக்கு மேல். அதற்குள் குறைந்தபட்ச அளவில் நான்கு பிக்கிள்போல் களங்கள் அடங்கும், அதுவும் டெனிஸ் களம் கிடக்கும் அதே திசையில்.

மூன்றாவது கணக்குத்தான் உலகெங்கும் நகர சபைகளை மயக்கியது. நான்கு பேர் ஆடிய இடத்தில் பதினாறு பேர் ஆடலாம். காணிவிலை பேர்ச் கணக்கில் பேசப்படும் கொழும்பில் அது இன்னும் இனிக்கும். ஆனால் பதினாறு பேர் ஆடினால் பதினாறு பேரின் சத்தமும் வரும், அவர்களுடைய வாகனங்களும் வரும். இந்தப் பாதியைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

திசையையும் கவனிக்க வேண்டும். களம் வடக்குத் தெற்காகக் கிடந்தால் காலை, மாலை வெயில் கண்ணில் அடிக்காது. கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு ஏழு பாகைக்குள் இருப்பதால், சூரியன் மறையும் இடம் வருடம் முழுவதும் நேர் மேற்கிலிருந்து இரு பக்கமும் சுமார் 23 பாகைக்குமேல் நகராது. ஒருமுறை சரியாக அமைத்தால் எல்லா மாதமும் சரி. வலைப்பந்துக் களத்தின் மேல் குறுக்காகக் கோடு போடும்போதுதான் இது பிசகும். வலைப்பந்துக் களம் வடக்குத் தெற்காக இருந்தால், குறுக்கே போட்ட பிக்கிள்போல் களம் கிழக்கு மேற்காகிவிடும். மாலை ஐந்து மணிக்கு மேற்கைப் பார்த்து நிற்பவருக்குப் பந்தே தெரியாது.

## மழையும் தரையும்

கொழும்பில் வருடத்துக்கு 2,300 மில்லிமீற்றருக்கு மேல் மழை. மே முதல் தென்மேற்குப் பருவம், ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. தரை இந்த மழையைச் சமாளிக்காவிட்டால் வருடத்தில் பாதி நாள் களம் பூட்டிக்கிடக்கும்.

பொதுவாக இரண்டு தெரிவுகள்: கார்பெட் வீதி போடும் தார்க் கலவை, அல்லது கொங்கிரீட். இரண்டின் மேலும் மணல் கலந்த அக்ரிலிக் பூச்சு. தார்க் கலவை மலிவு, ஆனால் வெயிலில் இளகும், அருகில் தூங்குமூஞ்சி மரம் இருந்தால் வேர் அதை எளிதில் தூக்கிவிடும். கொங்கிரீட் நீடிக்கும், ஆனால் வெடித்தால் ஒட்டுப்போடுவது தலைவலி. எதுவாயினும் புதுத் தரை சுமார் நான்கு வாரம் இறுகிய பிறகே பூச்சுப் பூச வேண்டும். ஈரத்தில் பூசினால் தோல் உரிவதுபோல் உரிந்துவரும். எனவே திறப்புவிழாத் திகதியை முதலில் குறித்துவிட்டு, பருவமழைக்குள் பூச்சு வேலையைத் தள்ளுவது, பணத்தைக் கால்வாயில் விடுவதற்குச் சமம். ஜனவரி முதல் மார்ச் வரையான உலர்ந்த வாரங்கள்தான் அதற்குரிய காலம். நிதியாண்டும் கேள்விப்பத்திர நடைமுறையும் அதற்கு ஒத்துவருமா என்பதை முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

நீர் வடிய, தரை நூறு அடிக்கு ஓரடி என்ற அளவில் ஒரே பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும். நடுவில் மேடாக்கி இரு பக்கமும் சரிப்பது வீதிக்குப் பொருந்தும், களத்துக்குப் பொருந்தாது. ஒப்பந்தக்காரரிடம் வேலையைப் பொறுப்பேற்கும்போது சபை செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு: களத்தை முழுவதுமாக நீரால் நனைத்து, ஒரு மணித்தியாலம் விட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் எங்காவது நீர் தேங்கி நின்றால், அங்கேதான் பாசி பிடிக்கும், அங்கேதான் யாராவது வழுக்கி விழுவார்கள். கடைசித் தவணைப் பணத்தை இந்தச் சோதனையோடு கட்டிவைப்பது நல்லது.

கடற்கரைப் பக்கத்துக்குத் தனிக் குறிப்பு. மரைன் டிரைவை ஒட்டிய இடம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 26 கிராம் பந்தைத் தென்மேற்குக் காற்று எங்கே கொண்டுபோகும் என்று யாருக்கும் தெரியாது. உப்புக் காற்று சாதாரணக் கம்பிவேலியையும் விளக்குக் கம்பத்தையும் சில வருடங்களிலேயே தின்றுவிடும். அங்கே துத்தநாகத்தில் தோய்த்த கம்பி இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது.

அக்ரிலிக் பூச்சு, எல்ஈடி விளக்கு, வலை, பந்து எல்லாமே பெரும்பாலும் இறக்குமதி. 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதைத் தாண்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பூச்சைச் சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதால், கட்டும் செலவோடு பராமரிப்புச் செலவுக்கும் தனி ஒதுக்கீடு வேண்டும்.

## ஆறு மணி

கொழும்பில் சூரியன் மறைவது, மாதத்தைப் பொறுத்து, மாலை 5.50க்கும் 6.30க்கும் இடையில். அலுவலகம் விட்டு, பஸ் பிடித்து, வீடு வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும். பகல் பத்து முதல் நான்கு வரை திறந்த தரையில் ஆடுவது உடம்புக்கு ஆகாது. ஆக, வேலைக்குப் போகிறவர் களத்துக்கு வரக்கூடிய நேரம் விடிகாலை, அல்லது ஆறு முதல் ஒன்பது. சும்மா ஆடுவதற்கே தரையில் 300 லக்ஸ் அளவு வெளிச்சம் வேண்டும். விளக்கு இல்லாத பொதுக் களம் ஓய்வூதியக்காரருக்கும் விடுமுறை மாணவருக்கும் மட்டுமே பயன்படும்.

சட்டமும் அதே ஆறு மணியில்தான் மாறுகிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 1996இல் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் பிரகடனப்படுத்தப்பட்டன. அவற்றின்படி காலை 6 முதல் மாலை 6 வரை பகல். மீதி எல்லாம் இரவு.

1. மாநகர சபை எல்லைக்குள் பகலில் 63 டெசிபல், இரவில் 50.
2. பிரதேச சபை எல்லைக்குள் பகலில் 55, இரவில் 45.
3. வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம், பொது நூலகம் போன்றவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் அமைதி வலயம்: பகலில் 50, இரவில் 45.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை வரைபடத்தை எடுத்து ஒவ்வொரு பாடசாலையைச் சுற்றியும் நூறு மீற்றர் வளையம் வரைந்து பாருங்கள். மிஞ்சும் இடம் எவ்வளவு குறைவு என்பது தெரியும்.

இனி பந்து. கெட்டிப் பலகையில் கெட்டிப் பிளாஸ்டிக் மோதும்போது எழும் ஒலி, 30 மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 70 டெசிபல் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். வெட்டவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 60 மீற்றரில் 64, 120 மீற்றரில் 58, 240 மீற்றரில் 52. இரவு வரம்பான ஐம்பதுக்கு இன்னும் இறங்கவில்லை.

ஒரு முக்கியமான திருத்தம்: சட்டம் அளப்பது ஒரு நேரத் துண்டின் சராசரியை, ஒற்றை அடியின் உச்சத்தை அல்ல. அடிக்கும் அடிக்கும் இடையிலுள்ள அமைதியும் சராசரியில் சேரும். எனவே உச்சம் 64 தொடும் இடத்திலும் சராசரி 50க்குக் கீழே நிற்கலாம். அதனால்தான் இந்த வழக்குகள் இவ்வளவு கசப்பாகின்றன. சபை அளந்து பார்த்து 'வரம்புக்குள்தான் இருக்கிறது' என்று சொல்லும். அயலவர் தூங்க முடியவில்லை என்பார். இருவர் சொல்வதும் உண்மை. டெனிஸ் பந்தின் மந்தமான ஒலியைப் போலன்றி இது ஆயிரம் ஹேர்ட்ஸை ஒட்டிய கூர்மையான ஒலி. மனிதச் செவி நன்றாகக் கேட்கும் பகுதி அது. ஒழுங்கில்லாத இடைவெளியில் வருவதால் காதும் பழகாது. பத்திரத்தில் தேறும் களம் படுக்கையறையில் தேறாமல் போவது இப்படித்தான்.

மேல்நாடுகளில் இதற்குக் கண்ட மருந்து, களத்தைச் சுற்றிப் பத்தடி உயரத்துக்கு ஒலித் தடுப்பு மறைப்புக் கட்டுவது. ஒலித் தடுப்பு, ஒலி எழும் இடத்துக்கும் கேட்பவருக்கும் நடுவே நேர்ப்பார்வையை மறைத்தால் மட்டுமே வேலை செய்யும். தனிவீடுகள் நிறைந்த அமெரிக்கப் புறநகருக்கு அது பொருந்தும். காலி வீதியிலிருந்து கடல்வரை இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் இரு பக்கமும் தொடர்மாடிகள். ஐந்தாம் மாடிப் பல்கனியிலிருந்து பார்த்தால் களம் முழுவதும் தெரியும், தெரிந்தால் கேட்கும். போதாததற்கு அந்த மறைப்பு காற்றையும் அடைத்து, களத்தை அடுப்பாக்கிவிடும். மென்மையான பந்தும் ஒலி குறைந்த துடுப்பும் சந்தையில் உண்டு. ஆனால் பொதுக் களத்துக்கு அவரவர் சொந்தத் துடுப்போடு வருவார்கள். ஒவ்வொன்றையும் யார் சோதிப்பது?

ஆகவே என் கணிப்பு இது: தொடர்மாடிகளுக்கு நடுவே கிடக்கும் வெற்றுக் காணியில் விளக்குப் போட்ட திறந்த களம் அமைக்கவே கூடாது, அதை யார் இலவசமாகக் கொடுத்தாலும். பேரிரைச்சல் ஏற்கெனவே உள்ள பெருவீதி ஓரம், குடியிருப்பு குறைந்த விளையாட்டு வளாகம், அல்லது கூரைக்குள். இந்த மூன்றுதான் ஆறு மணிக்குப் பிறகு தாங்கும்.

## நிலம் யார் கையில்

'கொழும்பில் களம்' என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் வெள்ளவத்தை கொழும்பு மாநகர சபைக்குள், பக்கத்திலுள்ள தெஹிவளை வேறொரு மாநகர சபைக்குள். விகாரமகாதேவி பூங்கா மாநகர சபையிடம். சுகததாச வளாகம் விளையாட்டு அமைச்சின் பக்கம். பாடசாலைத் திடல் கல்வி நிருவாகத்தின் கீழ். நகர அபிவிருத்தி அதிகார சபைக்கு இவை எல்லாவற்றின் மேலும் திட்டமிடல் அதிகாரம். மனுவை எழுதுமுன் எந்தத் திடல் யாருடையது என்று கேட்டறிவது, பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தும். 2023 மார்ச் முதல் கொழும்பு மாநகர சபையில் தெரிவான உறுப்பினர்களே இல்லாத காலம் ஒன்று இருந்தது. 2025 மே தேர்தலுக்குப் பிறகு வட்டார உறுப்பினர் என்று ஒருவர் மீண்டும் இருக்கிறார். மனுவை அவர் கையில் கொடுக்கலாம்.

'நிலம் இல்லையென்றால் சதுப்பை நிரப்பலாம்' என்ற யோசனை இந்த ஊரில் எப்போதும் எங்காவது எழும். ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ், 2018இல் உலகின் முதல் ஈரநில நகரங்களின் வரிசையில் இடம்பெற்ற நகரம் இது. 2016 மே வெள்ளத்தில் களனி கங்கை பெருகி கொலன்னாவை மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு, நீரை உறிஞ்சாத எட்டுப் பேர்ச் அக்ரிலிக் தரையை ஈரநிலத்தில் போடுவது பற்றி விளக்கத் தேவையில்லை.

## யாருடைய இடம் போகும்

வெற்று நிலம் என்று ஒன்று கொழும்பில் கிடையாது. வெறுமையாகத் தெரியும் ஒவ்வொரு கொங்கிரீட் தரையிலும் மாலையில் யாராவது ஆடிக்கொண்டிருப்பார்கள். வட கொழும்பில் அது டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் ஆடும் பையன்கள். பாடசாலைத் தரைகளில் வலைப்பந்து ஆடும் பெண்பிள்ளைகள். 2018இலும் 2022இலும் ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை இலங்கை வென்றபோது அணியின் தூணாக நின்ற தர்ஜினி சிவலிங்கம் போன்றவர்கள் இத்தகைய தரைகளிலிருந்துதான் வருகிறார்கள். பெண்களுக்கென்று ஓரளவு நிலைத்த அந்த இடத்தில், துடுப்பு வாங்க வசதியுள்ள பெரியவர்கள் வந்து கோடு போட்டால், முதலில் நேரம் பங்கிடப்படும், பிறகு பயிற்சி வேறெங்கோ தள்ளப்படும். இதைத் தடுக்க ஒரே வழி, கோடு போடுமுன்பே வலைப்பந்து நேரத்தை எழுத்தில் ஒதுக்கிவிடுவது.

அடுத்தது வரிசை. இலவசக் களம் திறந்த சில மாதங்களில் அது ஒரு வட்ஸ்அப் குழுவின் களமாகிவிடும். விடிகாலையிலேயே அவர்களில் ஒருவர் வந்து இடம் பிடிப்பார். இன்னொருவர் பயிற்சியாளராகி, பொதுக் களத்தில் காசுக்கு வகுப்பு நடத்துவார். இதற்கு நன்றாக வேலை செய்யும் முறை, வேலியில் ஒரு துடுப்புச் சட்டம்: வந்தவர் தன் துடுப்பை வரிசையில் செருகுவார், ஆட்டம் முடிந்ததும் அடுத்த நான்கு துடுப்புக்காரர்கள் இறங்குவார்கள். ஓர் ஆட்டம் பதினைந்து நிமிடம் என்று வைத்தால், நான்கு களங்களில் ஒரு மணித்தியாலத்துக்கு 64 பேருக்கு முறை கிடைக்கும். முன்பதிவுச் செயலியை விட இது நேர்மையானது. தனியாக வருபவருக்கும் ஆள் கிடைக்கும். துடுப்பில்லாதவருக்கு இரவல் கொடுக்கக் காவலாளியிடம் பத்துத் துடுப்பு இருந்தால் போதும். பெண்கள் வர வேண்டுமானால் கழிவறையும், வீதிவரை வெளிச்சமும். இவற்றை மதிப்பீட்டுப் பத்திரத்தில் 'ஏனையவை' என்ற தலைப்பில் ஒளித்துவைப்பது வழக்கம். பணம் குறைந்தால் முதலில் வெட்டுப்படுவதும் அந்தத் தலைப்புத்தான்.

## எந்த ஒழுங்கில் தொடங்கலாம்

1. பட்மின்டன் மண்டபங்கள். வெளிக்கோடு அதே அளவு. கிச்சன் கோடு மட்டும் வேறு: பட்மின்டனில் வலையிலிருந்து ஆறரை அடி, இங்கே ஏழு. நிறநாடா ஒட்டிவிடலாம். ஐந்தடி வலையை இறக்க முடியாவிட்டால் கையில் தூக்கிச் செல்லும் வலை வைக்கலாம். சத்தம் சுவருக்குள் நிற்கும், மழை வெளியே நிற்கும். மாலையில் பட்மின்டன்காரர்கள் விடமாட்டார்கள். ஆனால் வார நாட்களில் காலை ஒன்பது முதல் நான்கு வரை அம்மண்டபங்கள் பெரும்பாலும் காலி. வயதானவர்களுக்கும் வீட்டிலிருக்கும் பெண்களுக்கும் இதுவே சிறந்த நேரம்.

2. ஏற்கெனவே உள்ள டெனிஸ், வலைப்பந்துத் தரைகள். வேறு நிறத்தில் கோடு, கழற்றக்கூடிய வலை, பகலில் மட்டும். இதை ஆறு மாதம் நடத்த வேண்டும், அதற்குள் ஒரு பருவமழையாவது அடங்க வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், ஆண் பெண் எத்தனை, எந்தப் பக்க வீடுகளிலிருந்து முறைப்பாடு வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதிவைத்தால் போதும்; ஆய்வு நிறுவனம் தேவையில்லை.

3. புதிய களம், விளக்கோடு. மேலுள்ள இரண்டும் நிரம்பி வழிந்தால் மட்டும். இடத்தை முடிவுசெய்யுமுன், ஒரு மாலை ஏழு மணிக்கு நான்கு பேரை அங்கே ஆடவிட்டு, சுற்றியுள்ள தொடர்மாடிகளின் நான்காம், எட்டாம் மாடிகளில் நின்று ஒலியை அளக்க வேண்டும். சராசரியோடு உச்சத்தையும் குறிக்க வேண்டும். அளவீட்டையும் கேள்விப்பத்திரத்தையும் சபையே வெளியிட்டுவிடுவது நல்லது. வெளியிடாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் யாரும் கேட்டுப் பெறலாம்.

இரண்டாம் படியிலேயே முறைப்பாடு குவிந்தால், வலையைக் கழற்றிக் கோட்டின் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்துவிடலாம். ஒரு நாள் வேலை, சில வாளி பெயின்ட். மூன்றாம் படியில் அதே முறைப்பாடு வந்தால், கொங்கிரீட்டையும் கம்பங்களையும் மின்மானியையும் வைத்துக்கொண்டு சபை நீதிமன்றத்தில் நிற்கும்.